வீண்வாதத்துக்கு அபராதம்

லைமா, ஒஹையோ
6 செப்டம்பர் 1998

அன்புள்ள ஆர்டித் அக்காவுக்கு,

இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தானின் இருமல் நின்றதா? சர்க்கரை ஆலைக்குக் கிழங்கு வரும் காலம் நெருங்குகிறதே, இனி வீட்டில் அவரைப் பிடிக்க முடியாது.

எங்கள் புது அறை முடிந்துவிட்டது. மூன்று பக்கமும் கண்ணாடி. காலையில் காப்பியோடு போய் உட்கார்ந்தால் எழுந்துவர மனம் வராது. வீடு வீடாகப் போய் ஹீட்டர் பழுதுபார்க்கிறவனுக்கு இது எப்படிக் கட்டுப்படியாகிறது என்று தெருவே பார்க்கிறது. கேலன் மறைப்பதே இல்லை. "வருமான வரி கட்டுறத நிறுத்துங்க. உங்க வீட்டுலயும் வெயில் அடிக்கும்" என்கிறார்.

நாங்கள் நிறுத்தி நாலு வருடம் ஆகிறது. உழைப்பைக் கொடுத்துக் கூலி வாங்குவது சரிக்குச் சரி மாற்றிக்கொள்வதுதான், அதில் லாபம் ஏது, லாபம் இல்லாவிட்டால் வருமானம் ஏது என்பது அவர் கட்சி. சனிக்கிழமைகளில் தீயணைப்பு மண்டபத்தில் பேசுகிறார். போன வாரம் நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். "நான் கட்டணும்னு சட்டத்துல எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு? காட்டுங்க, இங்கயே செக் எழுதுறேன்!" என்று அவர் கேட்டபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். என் பக்கத்தில் இருந்தவள் அழுதேவிட்டாள். அவள் பெயர் மார்லிஸ். புருஷன் இல்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. கேலனின் காகிதங்களை எல்லாம் அவள்தான் தட்டச்சு செய்து தருகிறாள்.

நாலு வருட வரியையும் கட்டச் சொல்லி வரித்துறை நோட்டீஸ் அனுப்பியது, எதிர்த்து வழக்குப் போட்டிருக்கிறோம். நவம்பரில் வரி நீதிமன்ற நீதிபதி கொலம்பஸுக்கு வருகிறார். வக்கீல் கிடையாது. கேலனே பேசப்போகிறார்.

அத்தானிடம் என் அன்பைச் சொல்.
கொரின்


ட்வின் ஃபால்ஸ், ஐடஹோ
25 செப்டம்பர் 1998

அன்புத் தங்கை கொரினுக்கு,

நீங்கள் இருவரும் நன்றாக இருப்பது கடிதத்தின் மினுமினுப்பிலேயே தெரிந்தது. என் முழங்கால் படியேறும்போது மட்டும் என்னிடம் பேசுகிறது. வெண்டெலின் இருமல் அவருடனேயே ஆலைக்குப் போய்வருகிறது.

மூன்று பக்கமும் கண்ணாடி என்றால் துடைக்க ஒரு ஆள் வைக்க வேண்டுமே! வைத்திருப்பாய். உனக்கு எப்போதும் அப்படித்தான் அமைந்தது. சின்ன வயதில் உன் பல்லுக்குக் கம்பி கட்டினார்கள். என்னை வாயை மூடிக்கொண்டு சிரிக்கச் சொன்னார்கள்.

உன் கடிதத்தை வெண்டெலுக்குப் படித்துக் காட்டினேன். மண்டபம், கைதட்டல், நீதிபதி, எல்லாம் கேட்டுவிட்டு, "கண்ணாடி ரெட்டைத் தகடா போட்டாங்களா? இல்லேன்னா குளிர்ல வேர்க்குமே" என்றார். அவ்வளவுதான். இருபத்தொன்பது வருடமாக இந்த மனிதரோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

அவர் சம்பளத்தில் வரியைப் பிடித்துக்கொண்டுதான் கையில் தருகிறார்கள். எங்கள் வாசல் படி உடைந்து, மூன்றாம் தடவையாக ஒட்டுப்போட்டிருக்கிறார். அந்தக் காகிதங்களில் ஒரு பிரதி எனக்கும் அனுப்பு. படித்துப் பார்க்கத்தான்.

உன் அக்கா,
ஆர்டித்


லைமா
18 அக்டோபர் 1998

அன்புள்ள அக்கா,

உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. எனக்கு ஜலதோஷம் வந்து போயிற்று. கேலன் தொண்டைக்குத் தேன் குடிக்கிறார், நீதிமன்றத்தில் குரல் கட்டக்கூடாதாம்.

காகிதங்கள் இருக்கட்டும். கோபித்துக்கொள்ளாதே, அத்தானுக்கு இது ஒத்துவராது. ஆளே இல்லாத ரோட்டிலும் சிவப்பு விளக்கைப் பார்த்து நிற்கிறவர் அவர். இதற்கெல்லாம் நெஞ்சில் கொஞ்சம் நெருப்பு வேண்டும்.

மார்லிஸ் இப்போது ஞாயிறுகளிலும் வருகிறாள். அவளுக்கு என் சமையலறையில் எந்தக் கோப்பை எந்த அலமாரியில் என்பது தெரியும். கணக்குப் படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் போட்டு, கேலன் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்துக்கு நீட்டினாள். நான் மூக்குக் கண்ணாடியைத் தேடினேன். "நம்பிக்கை இருக்கிற பொண்டாட்டி படிச்சுப் பாத்துட்டா போடுவா?" என்று சிரித்தாள். கேலனும் சிரித்தார். கண்ணாடி இல்லாமலே போட்டேன்.

அவள் சுட்டுக் கொண்டுவந்த ஆப்பிள் பை பலகாரத்தில் லவங்கப்பட்டை கூடுதல். கேலன் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

நவம்பர் பதினாறு வழக்கு. எங்களுக்காகப் பிரார்த்தனை செய்.
கொரின்


ட்வின் ஃபால்ஸ்
30 நவம்பர் 1998

அன்புள்ள கொரின்,

சுகமாக இருக்கிறாயா? இதை வழக்கமாகக் கேட்பது போலக் கேட்கவில்லை. நன்றி நாள் பண்டிகை வந்து போயிற்று, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் வான்கோழி செய்தேன். சாப்பிட்டது நாங்கள் இருவர்தான். மிச்சத்தை இன்னும் தின்றுகொண்டிருக்கிறோம்.

இரண்டு தடவை தொலைபேசியில் கூப்பிட்டேன். இரண்டு தடவையும் வேறு பெண் எடுத்தாள். "அவங்க படுத்திருக்காங்க, நான் சொல்லிடறேன்" என்றாள். வீட்டுக்காரி போலவே பேசினாள். நீ படுத்திருக்கிற நேரமில்லையே அது.

வழக்கு என்ன ஆயிற்று? ஜெயித்துவிட்டு, அக்கா வயிறெரிவாள் என்று சொல்லாமல் இருக்கிறாயா? எரியட்டும், சொல்.

ஆர்டித்


லைமா
20 டிசம்பர் 1998

அன்புள்ள அக்கா, அத்தான்,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழக்கு நடந்தது. நிறையப் பேர் வந்திருந்தார்கள். கேலன் நன்றாகப் பேசினார்.

இங்கே கடும் பனி. கண்ணாடி அறையைச் சாத்தி வைத்திருக்கிறோம். அத்தான் சொன்னது போல வேர்க்கிறது.

கொரின்


ட்வின் ஃபால்ஸ்
10 ஜனவரி 1999

அன்புள்ள கொரின்,

புத்தாண்டு உனக்கு நல்லபடி பிறந்திருக்கும். பிறக்காமல் என்ன! இங்கே வெண்டெலுக்கு மார்புச் சளி, எனக்கு முழங்கால்.

நாலு வரி அட்டையில் இவ்வளவு பெரிய விஷயத்தை எழுதிவிட்டாயே. ஜெயித்தவர்கள் குறைவாகத்தான் பேசுவார்கள்.

நேற்று வெண்டெல் கணக்குப் படிவத்தைச் சமையல் மேசையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். வருடா வருடம் அதே மேசை, அதே பென்சில். எனக்குப் பொறுக்கவில்லை.

"நாமளும் பண்ணலாமே?" என்றேன்.

"எதை?"

"கேலன் பண்றதத்தான்."

"கேலன் கெட்டிக்காரன். நான் சர்க்கரை மூட்டை எண்றவன்."

"எண்ணி எண்ணி என்னத்தக் கண்டோம்? அவ கண்ணாடி ரூம்ல உக்காந்து காப்பி குடிக்கிறா. எனக்கு வாசப்படி ஆடுது."

"படிய நாளைக்குப் பாக்கறேன்" என்றார். நான் படியைப் பற்றியா பேசினேன்?

அந்தக் காகிதங்களை அனுப்பு. இந்தத் தடவை விளையாட்டாகக் கேட்கவில்லை.

ஆர்டித்


லைமா
2 பிப்ரவரி 1999

அக்கா,

அத்தானின் சளி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

காகிதங்களை அனுப்ப மாட்டேன். வேண்டாம். ஏன் என்று கேட்காதே. அத்தான் எப்போதும் போலக் கட்டட்டும். உனக்கு எதற்கு இதெல்லாம்? படியை ஒரு தச்சனை விட்டுச் சரிசெய்யச் சொல், வேண்டுமானால் நான் பாதிப் பணம் அனுப்புகிறேன்.

இல்லை, இப்போது அனுப்ப முடியாது. பிறகு அனுப்புகிறேன்.

கொரின்


ட்வின் ஃபால்ஸ்
1 மார்ச் 1999

கொரினுக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய்.

படிக்குப் பாதிப் பணமா? உன் பிச்சை எனக்கு வேண்டாம். தங்கச் சுரங்கத்தைக் காட்டச் சொன்னால் சில்லறை எறிகிறாய். நீ தராவிட்டால் எனக்குக் கிடைக்காதா? உன் வீட்டுக்குப் போன் செய்தேன், அந்த மார்லிஸ்தான் எடுத்தாள். உன்னைவிட நல்லவள். அறுபது டாலருக்கு முழுக் கட்டும் தபாலில் அனுப்பிவைத்தாள். "உங்க தங்கச்சி வீட்டுக்காரர் கோர்ட்டுல சிங்கம் மாதிரி கர்ஜிச்சாரு, அக்கா" என்றாள். உன்னிடமிருந்து எனக்கு இவ்வளவு விவரம் கிடைத்ததில்லை.

எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் போட்டேன். போன வருடம் வெண்டெல் சம்பளத்தில் பிடித்த வரி முழுவதையும் திருப்பிக் கேட்டேன். பின்னால் மார்லிஸ் அனுப்பிய பதினொரு பக்கங்களை இணைத்தேன்.

வெண்டெல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நீட்டினேன். படித்தார், எல்லாப் பக்கங்களையும். "இது வேணாம், ஆர்டித்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "கேலன் ஆம்பளை. நீதிபதி முன்னாடி நின்னான். நீங்க தபால்காரன் முன்னாடி நிக்கக்கூட யோசிப்பீங்க" என்றேன்.

கையைத் துடைத்தார். "பேனா எங்க?" என்றார். போட்டுக் கொடுத்துவிட்டு மிச்சப் பாத்திரத்தைக் கழுவினார். நான் அன்றைக்கே தபாலில் சேர்த்தேன்.

இனி எங்கள் வீட்டிலும் வெயில் அடிக்கும்.

ஆர்டித்


லைமா
9 மார்ச் 1999

அக்கா,

நலம் விசாரிக்க இதில் இடமில்லை. உடனே திருத்திய கணக்கை அனுப்பச் சொல். அத்தானிடம் இந்தக் கடிதத்தையே காட்டு.

நாங்கள் ஜெயிக்கவில்லை.

கொலம்பஸில் நீதிபதி வயதானவர், அவருக்கும் ஜலதோஷம். கேலன் இருபது நிமிடம் பேசினார். கூலி வருமானமில்லை என்றார். வரி கட்டுவது அவரவர் இஷ்டம் என்றார். காகிதத்தில் முழுக்க கேப்பிடல் எழுத்தில் அடித்திருப்பதால் அந்தப் பெயர் தன்னுடையதே இல்லை என்றார். நீதிபதி குறுக்கிடாமல் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"மிஸ்டர் ஹார்ஷ்மன், இதே பேச்ச எனக்கு முன்னாடி எத்தனையோ பேர் பேசிட்டாங்க. ஒருத்தரும் ஜெயிக்கல. இதுக்குப் பேரு வீண்வாதம். இந்த மாதிரி பேசி கோர்ட்டு நேரத்த வீணாக்கினா இருபத்தஞ்சாயிரம் டாலர் வரைக்கும் நான் அபராதம் போடலாம். எனக்குப் போட ஆசை இல்ல. சாமான் வாங்கின ரசீது, வண்டிச் செலவு, ஏதாவது இருந்தா கொண்டாங்க, கழிச்சுத் தரேன். இந்த வாதத்த மட்டும் விட்டுடுங்க. வெளிய போய் வீட்டம்மாகிட்ட பேசிட்டு வாங்க."

அவர் கெஞ்சினார், அக்கா. ஒரு நீதிபதி கெஞ்சி நான் பார்த்ததில்லை.

வெளியே வந்ததும் நான் கேலனின் கையைப் பிடித்தேன். "விட்டுடுங்க. நாலு வருஷ ரசீதும் துணி அலமாரியில இருக்கு. நான் அடுக்கித் தரேன்" என்றேன். அதற்குள் மார்லிஸ் வந்துவிட்டாள். "லைமாவுலேர்ந்து இவ்ளோ பேர் வண்டி ஓட்டிக்கிட்டு வந்திருக்காங்க. அவங்க முகத்துல எப்படி முழிப்பீங்க?" என்றாள். என் கை அவர் கையில்தான் இருந்தது. அவர் பார்த்தது அவளை.

உள்ளே போய் ஒரு வார்த்தையும் வாபஸ் இல்லை என்றார்.

நீதிபதி என் பக்கம் திரும்பினார். கூட்டுக் கணக்கு, நானும் கையெழுத்துப் போட்டவள் இல்லையா? "அம்மா, நீங்க உங்க வீட்டுக்காரர் சொல்றதயே சொல்லணும்னு இல்ல. நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

எனக்குப் பதில் தெரியும். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போது முன் பெஞ்சில் மார்லிஸைப் பார்த்தேன். பாதி எழுந்திருந்தாள். என்னைக் கேட்ட கேள்விக்கு அவளே பதில் சொல்லிவிடுவாள் போல இருந்தாள். கேலன் பக்கத்தில் நிற்கிறவள் அவளாகிவிடக்கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

"நானும் அதையேதான் சொல்றேன், ஐயா" என்றேன்.

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார். தீர்ப்பை அங்கேயே வாசித்தார். கேட்ட வரி முழுவதும், வட்டி, பழைய அபராதங்கள். அதற்கு மேல் வீண்வாதத்துக்காகப் பத்தாயிரம். இருவர் தலையிலும்.

வெளியில் எல்லாரும் கேலனுக்குக் கைகொடுத்தார்கள். திரும்பும்போது மார்லிஸ் காரில் முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் உட்கார்ந்தால் அவளுக்குத் தலை சுற்றுமாம்.

உன்னிடம் எப்படிச் சொல்வேன்? கண்ணாடி அறையைப் பற்றி எழுதிய கையால் இதை எழுத முடியவில்லை. நீ படித்துவிட்டு, நல்லா வேணும் என்று ஒரு நிமிடமாவது நினைப்பாய் என்று பயந்தேன். இப்போது நினைத்துக்கொள். ஆனால் திருத்திய கணக்கை அனுப்பு.

கொரின்


ட்வின் ஃபால்ஸ்
20 மே 1999

அன்புள்ள கொரின்,

உயிரோடுதான் இருக்கிறோம். இரண்டு மாதம் எழுதாததற்கு முழங்காலைக் காரணம் சொல்லலாம். அது காரணமில்லை.

உன் கடிதத்தை நான் நம்பவில்லை. எனக்கு நல்லது வரக்கூடாது என்று கதை கட்டுகிறாய் என்று நினைத்தேன். வெண்டெலிடம் காட்டாமல் மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். நீ பயந்ததும் நடந்தது. ஒருவேளை உண்மையாக இருந்தால் நல்லா வேணும் என்று, ஒரு நிமிடமில்லை, ஒரு சாயங்காலம் முழுவதும் நினைத்தேன்.

மே முதல் வாரம் வரித்துறையிலிருந்து கடிதம் வந்தது. நாங்கள் அனுப்பியது வீண்வாதக் கணக்காம். முப்பது நாளுக்குள் சரியான கணக்கை அனுப்பாவிட்டால் ஐந்நூறு டாலர் அபராதம். கோர்ட்டுக்குப் போனால் நீ எழுதிய அதே இருபத்தைந்தாயிரம், அதே சொற்கள். அப்போதுதான் மாவு டப்பாவை நகர்த்தினேன்.

வெண்டெல் இரண்டையும் படித்தார். திட்டுவார் என்று நின்றேன். பென்சிலைச் சீவினார். மறுநாள் சரியான கணக்கு போய்விட்டது. அபராதம் இல்லை.

ஆனால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "தப்புன்னு தெரியாமத்தான போட்டீங்க?" என்று கேட்டேன்.

"தெரியும். ஆலையில கணக்குப் பாக்கற பொண்ணு ஜனவரியிலயே சொல்லிச்சு, ஐந்நூறு டாலர் அபராதம் போட்டுடுவாங்கன்னு."

"அப்புறம் ஏன் போட்டீங்க?"

பென்சில் தூளை உள்ளங்கையில் கூட்டினார். "அப்பவே ஆறு மாசமா இந்த வீட்டுல காலையில கேலன், ராத்திரி கேலன். அவன் பேரு உன் வாயில வராம இருக்க ஐந்நூறு கொடுக்கலாம்னு தோணிச்சு" என்றார்.

நான் எழுந்துபோய் அடுப்பைத் துடைத்தேன்.

உன்னிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ நீதிமன்றத்தில் எழுந்து நின்று சொன்ன இடத்தைப் படித்தபோது, பத்தாயிரம் போனது தெரிந்தும், எனக்கு உன்மேல் பொறாமையாகத்தான் இருந்தது. எனக்குத் திருந்த வழியில்லை போலிருக்கிறது.

ஆர்டித்


லைமா
12 ஜூன் 1999

அன்புள்ள அக்கா,

நீயும் அத்தானும் தப்பித்ததே எனக்கு மருந்து. வேறு உடம்புச் செய்தி எதுவும் என்னிடமில்லை, இளைத்திருக்கிறேன்.

வீட்டை விற்கிறோம். வரிப் பாக்கிக்காக வரித்துறை வீட்டின் மேல் வில்லங்கம் போட்டுவிட்டது. அவர்களாக ஏலம் விடுவதற்கு முன் நாங்களாக விற்றால் கொஞ்சம் மிஞ்சும் என்றார்கள். வாங்க வந்தவர்கள் கண்ணாடி அறையை இடித்துவிடப் போகிறார்களாம். கேலன் மேல்முறையீடு என்கிறார். தீயணைப்பு மண்டபம் இனி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது யாரோ ஒருவருடைய வண்டிக் கொட்டகையில் பேசுகிறார். ஐந்தாறு பேர் வருகிறார்கள்.

மார்லிஸ் வருவதில்லை. போன வாரம் மளிகைக் கடையில் பார்த்தேன். "நீங்களும் பூஜ்யம்தான போடறீங்க? உங்களுக்கு லெட்டர் எதுவும் வரலியா?" என்று கேட்டேன். "எனக்கென்ன? என் சம்பளத்துல அவங்களே பிடிச்சிடறாங்க. பள்ளிக்கூட வேலைய வெச்சுக்கிட்டு நான் எப்படிங்க வம்பு பண்ண முடியும்?" என்றாள். ஒவ்வொரு வருடமும் ஒழுங்காகக் கட்டியிருக்கிறாள், அக்கா. தக்காளியை அழுத்திப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். நான் நின்றதைப் பார்த்துப் பொறாமைப்பட்டாயாமே. பைத்தியமே! ஒரு நீதிபதி கெஞ்சியும், நான் கையைப் பிடித்தும், கேலனுக்கு எனக்காக ஒரு வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியவில்லை. உனக்காக ஒரு மனிதர், தப்பென்று தெரிந்தே, தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு மீதிப் பாத்திரத்தைக் கழுவியிருக்கிறார். வீடு போனதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. அத்தான் போல ஒருவர் உலகத்தில் இருக்கிறார், அவர் உனக்குக் கிடைத்திருக்கிறார் என்பதுதான் வலிக்கிறது.

வீட்டுச் சாவியைக் கொடுத்த பிறகு கொஞ்ச நாள் அங்கே வந்து இருக்கட்டுமா? கேலன் வரவில்லை. நான் மட்டும்.

கொரின்


ட்வின் ஃபால்ஸ்
21 ஜூன் 1999

அன்புள்ள கொரின்,

வா. தையல் அறையில் கட்டில் போட்டாயிற்று. பேருந்து டிக்கெட்டை இதோடு வைத்திருக்கிறேன். நிலையத்துக்கு வெண்டெல் வண்டி எடுத்துவருகிறார். எங்கள் இருவர் உடம்பும் உன்னைத் தாங்குகிற அளவுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

எத்தனை நாள் என்றெல்லாம் கேட்காதே. சாப்பிடு, தூங்கு, அழுதாலும் சரி.

ஒன்றே ஒன்று. அவரைப் பற்றி நீ எழுதியிருந்தாயே, அதை நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. வந்த இடத்தில் நீயும் அவர் முகத்துக்கு நேரே அதைச் சொல்லிவிடாதே. அதை முதலில் சொல்ல வேண்டியவள் நான். தினமும் சாப்பாட்டு மேசையில் வாயைத் திறக்கிறேன், உப்பு போதுமா என்று கேட்டுவிட்டு மூடிக்கொள்கிறேன். நீ வருவதற்குள் எப்படியாவது சொல்லிவிடப் பார்க்கிறேன்.

ஆர்டித்